ரேடியேஷன் பயத்துக்கு அயோடின் மாத்திரையா? முதல்ல வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்க!

"பாப்பா, கல்பாக்கத்துல ஏதாவது ஆச்சுன்னா நம்ம ஊர் வரைக்கும் வருமா? அயோடின் மாத்திரைன்னு ஒண்ணு இருக்குதாமே... மெட்ராஸ்ல கிடைச்சா நாலு அட்டை வாங்கி அனுப்பேன்."

2025 மே 7, புதன்கிழமை சாயங்காலம். ஊரிலிருந்து சித்தி போன். அன்னைக்குத்தான் நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் இருந்தன. டிவியில் சைரன் சத்தத்தைக் கேட்ட சித்திக்கு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஃபார்வேர்டு மெசேஜ் மீதிப் பயத்தைக் கொடுத்துவிட்டது. அடுத்த சில நாள்களில் பாகிஸ்தானின் கிரானா மலைப் பகுதியில் கதிர்வீச்சுக் கசிவு என்று இன்னொரு புரளி. பாகிஸ்தானில் எந்த அணு மையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்ன பிறகும் அந்த மெசேஜ் சுத்திக்கிட்டேதான் இருந்தது. உங்க குரூப்புக்கும் வந்திருக்கும்.

எங்க ஊர் சேத்துப்பட்டு. எக்மோருக்கு அடுத்த ரயில்வே ஸ்டேஷன் இல்லைங்க. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தில் இருக்கும் சேத்துப்பட்டு. நெல் மூட்டைகளோட நிக்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் லூர்து மாதா கோயிலும்தான் எங்க ஊரோட முகவரி. கல்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 90 கிலோமீட்டர்.

அந்த ஃபார்வேர்டு மெசேஜ் மூணு விஷயம் சொன்னது. கதிர்வீச்சு வந்தால் அயோடின் மாத்திரை போடணும். கிடைக்கலைன்னா காயத்துக்குப் போடும் பிரவுன் கலர் அயோடின் மருந்தைக் கழுத்தில் தடவணும். அதுவும் இல்லைன்னா அயோடின் உப்பைக் கரைச்சுக் குடிக்கணும்.

இதில் ஒண்ணும் புதுசு இல்லை. 2011-ல் ஃபுகுஷிமா விபத்து நடந்தப்போ, கழுத்தில் அயோடின் மருந்தைத் தடவச் சொல்லிப் பிலிப்பைன்ஸில் எஸ்.எம்.எஸ் பரவியது. சீனாவில் கடை கடையாக உப்பு பாக்கெட்டுகள் காலியாகின. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அயோடின் மாத்திரைக்குக் கூட்டம் கூடியது. பயம் ஊர் மாறி ஊர் போகுது, மெசேஜ் மட்டும் மாறலை.

அப்போ அந்த மாத்திரை சும்மாவா? அதுவும் இல்லை. வேலை செய்யும். என்ன வேலை, யாருக்கு, எப்போ என்பதில்தான் எல்லாரும் சறுக்குறாங்க.

சீட்டில் துண்டு போடுற மாத்திரை

மாத்திரையின் முழுப்பெயர் பொட்டாசியம் அயோடைடு. பொட்டாசியமும் அயோடினும் சேர்ந்த ஓர் உப்பு. நம்ம கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, ஹார்மோன் தயாரிக்க ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொண்டே இருக்கும். அது நல்ல அயோடினா, கதிர்வீச்சு உள்ள அயோடினா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அணு உலை விபத்தில் வெளியே வரும் பொருள்களில் அயோடின்-131 முக்கியமானது. காற்றில் வந்து மூச்சோடு உள்ளே போகும், புல்லில் படிந்து பசும்பால் வழியாகவும் போகும். தைராய்டில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே உட்கார்ந்து உள்ளிருந்தே சுடும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதுதான் இந்த மாத்திரையின் டெக்னிக். கெட்ட அயோடின் ஏறுறதுக்கு முன்னாடியே நல்ல அயோடின் எல்லா சீட்டையும் பிடிச்சிடும். அப்புறம் வர்ற அயோடின்-131-க்கு இடமில்லாமல் பெரும்பகுதி சிறுநீரில் வெளியே போயிடும்.

துண்டை எப்போ போடணும் என்பதில்தான் சூட்சுமம். பஸ் நிறைஞ்ச பிறகு போட்டு என்ன பிரயோஜனம்? உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதல்படி, கதிர்வீச்சு வந்து சேருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வரத் தொடங்கிய 2 மணி நேரத்துக்குள் போடுவது உத்தமம். 8 மணி நேரம் வரைக்கும் ஓரளவு பலன் உண்டு. 24 மணி நேரம் தாண்டிப் போட்டால் நன்மையைவிடத் தீமை அதிகமாகலாம். ஏற்கெனவே உள்ளே புகுந்த கெட்ட அயோடின் வெளியேறுவதை அது தாமதப்படுத்தும்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 65, அதற்கும் கீழே 32, பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவுக்கு 16. ஒரு டோஸின் பாதுகாப்பு சுமார் ஒரு நாள். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முதல் வரிசை. 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கதிர்வீச்சால் தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு, மாத்திரையால் கிடைக்கும் பலனும் குறைவு. என் சித்திக்கு 52.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த மாத்திரை காப்பாத்துறது தைராய்டு என்ற ஒரே ஒரு உறுப்பை, அயோடின் என்ற ஒரே ஒரு பொருளிடமிருந்து. சீசியம், கோபால்ட் எதற்கும் இது தடுப்பு இல்லை. 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக்கடையில் கோபால்ட்-60 கருவியைப் பிரித்தபோது ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. அவங்க கையில் அயோடின் மாத்திரை அட்டை அட்டையா இருந்திருந்தாலும் ஒரு உபயோகமும் இல்லை. 'கதிர்வீச்சு மாத்திரை' என்று இதைக் கூப்பிடுறதே தப்பு.

கழுத்தில் தடவுற கதைக்கு வருவோம். தோல் வழியாகத் தேவையான அளவு அயோடின் உள்ளே போகாது. குடிச்சா விஷம். உப்புக் கரைசல் இன்னும் வேடிக்கை. 130 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கிற அயோடின் சுமார் 100 மில்லிகிராம். நம்ம ஊர் சட்டப்படி கடைக்கு வரும் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருந்தால் போதும். அந்தக் கணக்கில் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறரை கிலோ உப்புக்கு மேல் தின்னணும்! கதிர்வீச்சு வர்றதுக்கு முன்னாடியே ஆள் காலி.

90 கிலோமீட்டர் தூரமா, பக்கமா?

சித்தி கேட்ட கேள்வியைச் சிரிச்சுத் தள்ள எனக்கு மனசு வரலை. அது நியாயமான கேள்வி.

கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984, 1986-ம் ஆண்டுகளில் வணிக ரீதியாக இயங்கத் தொடங்கியவை. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று கடல்நீர் பம்ப் ஹவுஸில் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், கதிர்வீச்சுக் கசிவு எதுவும் இல்லை. இந்தியாவில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம், நீங்க வீக்எண்டு ரீல்ஸ் எடுக்கப் போற மாமல்லபுரம் எல்லாம் அதற்குள்தான் வருது. நிலையத்துக்கு வெளியே மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை கொடுப்பது, வெளியேற்றுவது எல்லாம் அவங்க உத்தரவுப்படிதான்.

சேத்துப்பட்டு அந்த வட்டத்துக்கு ரொம்ப வெளியே. ஆனா, "தூரமா இருக்கோம், நமக்கென்ன"ன்னு சொல்ல செர்னோபில் விடலை. 1986 ஏப்ரல் 26-ல் விபத்து. அதிகமான குழந்தைகள் தைராய்டு புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று பெலாரஸின் கோமெல். அந்த நகரம் உலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கு. காற்று அந்தப் பக்கம் வீசியது, மாடு மேய்ந்தது, குழந்தைங்க பால் குடிச்சாங்க. 2005 வரைக்கும் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், சிறுவயதில் அந்த விபத்துக்கு ஆளானவங்க மத்தியில் 6,000-க்கும் அதிகமான தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன என்கிறது ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு. அதில் பெரும்பங்குக்குக் காரணம், உடனே நிறுத்தியிருக்க வேண்டிய பால்.

பக்கத்து நாடான போலந்து என்ன செய்தது பாருங்க. சோவியத் அரசு விவரம் சொல்லும்வரை காத்திருக்காமல், ஏப்ரல் 29-லிருந்தே அயோடைடு கரைசலைக் கொடுக்கத் தொடங்கியது. சுமார் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகள், 70 லட்சம் பெரியவர்கள். கூடவே பாலுக்கும் கட்டுப்பாடு. இவ்வளவு பேருக்குக் கொடுத்தும் கடுமையான பக்கவிளைவு அபூர்வமாகத்தான் இருந்தது.

2011 ஜப்பான் இதற்கு நேரெதிர். மாத்திரை கையிருப்பில் இருந்தது, "சாப்பிடுங்க" என்ற உத்தரவுதான் வர வேண்டிய நேரத்தில் வந்து சேரலை. மிஹாரு என்ற சின்ன ஊரின் நிர்வாகம் மேலிடத்துக்குக் காத்திருக்காமல் மார்ச் 15 அன்று தானாகவே தன் மக்களுக்குக் கொடுத்தது. திரும்ப வாங்குங்க என்று மேலிருந்து சொன்னபோதும் அந்த ஊர் மறுத்துவிட்டது. அந்த ஊர் அதிகாரிகளை நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஒரு மரியாதை வருது.

சுவிட்சர்லாந்தில் அணு உலையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருப்பவங்க வீட்டுக்கே மாத்திரை போய்ச் சேருது. இங்கேயும் கல்பாக்கம், கூடங்குளம் வட்டாரத்து வீடுகளில் "மாத்திரை எங்கே இருக்கு, யார் சொன்னால் போடணும், பால் என்ன செய்யணும்" என்பது ரேஷன் கடை நேரம் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும் என்பது என் கருத்து. அதைச் சொன்னால் மக்கள் பயந்துடுவாங்கன்னு ஒரு வாதம் உண்டு. சொல்லாததால்தான் வாட்ஸ்அப் சொல்லுது.

சேத்துப்பட்டு அளவு தூரத்தில் இருக்கிறவங்களுக்கு, அப்படி ஒரு நாள் வந்தால், முதல் கேள்வி பால், கீரை, திறந்திருக்கும் தண்ணீர். மாத்திரை பற்றி அரசு சொன்னால் போட்டுக்கலாம். அயோடின்-131-ன் வீரியம் 8 நாளில் பாதியாகும், அடுத்த 8 நாளில் அதிலும் பாதி. மூணு மாசத்தில் ஏறக்குறைய ஒண்ணுமில்லாமல் போயிடும். அதுவரைக்கும் பால் பவுடரில் டீ போட்டுக் குடிக்கலாம், தப்பில்லை.

டாக்டர் கையில் இருக்கும்போது

அணு விபத்து இல்லாத நாளிலும் பொட்டாசியம் அயோடைடுக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருக்கு. அயோடின் திடீரென்று அளவுக்கு மீறி வந்தால் தைராய்டு கொஞ்ச நாள் ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்தி வைக்கும். அதனால், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாளிக்கு ஆபரேஷன் செய்வதற்கு முந்தைய சில நாள்கள் அயோடைடு சொட்டு மருந்து கொடுப்பார்கள். சுரப்பிக்குப் போகும் ரத்தம் குறைந்து, அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கும் குறையும். ஹார்மோன் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் அவசர நிலையிலும் மற்ற மருந்துகளோடு சேர்த்து இதைத் தருவாங்க. முள் குத்திய இடத்தில் மண்ணிலிருந்து தொற்றி, கை முழுக்க வரிசையாகக் கட்டி கட்டியா வரும் ஒரு பூஞ்சை நோய் இமாச்சலப் பக்கம் அதிகம். அதற்கு இது பழைய, மலிவான, இன்னமும் வேலை செய்யும் மருந்து. ஒரு காலத்தில் சளி இளக இருமல் மருந்திலும் சேர்த்தாங்க. இப்போ அந்தப் பழக்கம் போயிடுச்சு.

ஆனா இதை நீங்களே கடையில் வாங்கிப் போட்டுப் பார்க்கிறது வேற கதை. வாயில் உலோகச் சுவை, வயிற்றுக் கோளாறு, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், தோலில் தடிப்பு இதெல்லாம் லேசான வரிசை. தைராய்டில் ஏற்கெனவே கட்டி இருந்தால் ஹார்மோன் தாறுமாறாக ஏறலாம். சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பி மந்தமாகிவிடும். பச்சைக் குழந்தைக்கு அது மூளை வளர்ச்சியைத் தொடும் விஷயம்.

இன்ஸ்டாவில் 'தைராய்டு டீடாக்ஸ்' என்று அயோடின் சொட்டு மருந்தும் கடற்பாசி கேப்ஸ்யூலும் விற்கிற ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. உங்க வயசுப் பொண்ணுங்கதான் அதோட டார்கெட். நகரத்துப் பெண்களுக்கு இன்னைக்கு வரும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அதற்கு மேலே அயோடினைக் கொட்டினால் நிலைமை மோசமாகலாம். ஒரு வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் வெறும் 150 மைக்ரோகிராம். ஒரு 130 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கிறது கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துத் தேவை. ஒரே வாயில்!

சித்திக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவங்க போடுறது தைராக்சின். "அதுவும் தைராய்டு மாத்திரை, இதுவும் தைராய்டு மாத்திரை, ரெண்டு சேர்த்துப் போட்டா ஆகாதா?" தைராக்சின் என்பது சுரப்பி தயாரிக்க வேண்டிய ஹார்மோனே. அது சீட் பிடிக்காது, கதிர்வீச்சைத் தடுக்காது. ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை விடவும் கூடாது.

உப்பில் இருக்கு விஷயம்

போனில் இவ்வளவும் சொல்லி முடிச்சுட்டு, "சித்தி, நம்ம வீட்டில் என்ன உப்பு போடுறீங்க?"ன்னு கேட்டேன்.

"கல்லு உப்புதான். வண்டியில வர்றவன்கிட்ட படி கணக்குல வாங்குறது."

எனக்கு அங்கேதான் சுருக்குனு இருந்தது.

இதே பொட்டாசியம் அயோடைடு இந்தியாவுக்குச் செய்த பெரிய உபகாரம் உப்பு வழியாக நடந்தது. 1956-ல் இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில், பின்னாளில் எய்ம்ஸ் இயக்குநரான டாக்டர் வி.ராமலிங்கசாமி குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினாங்க. பள்ளத்தாக்கை மூணு பகுதியாகப் பிரிச்சு, ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு, இன்னொண்ணுக்குப் பொட்டாசியம் அயோடேட் சேர்த்த உப்பு, மூணாவதுக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு போன இரண்டு பகுதியிலும் முன்கழுத்துக் கழலை குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் பிறந்தது. நம்ம ஊர் ஈரக்காற்றில் அயோடைடு நிலைக்காமல் ஆவியாகிவிடும் என்பதால், இன்று நம் பாக்கெட்டுகளில் அதன் உறவுக்காரனான அயோடேட்தான் இருக்கு. 2006-ல் இருந்து அயோடின் சேர்க்காத உப்பை மனிதர்கள் சாப்பிட விற்கத் தடை.

தடை இருந்தும் என்ன ஆச்சு? 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் 61.9. அதாவது, எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில், தூத்துக்குடியை வெச்சிருக்கிற மாநிலம் நாம!

காரணம் நம்ம கல் உப்புப் பாசம். தூளாக இருந்தால் அயோடின் சீராகக் கலக்கும். பெரிய கல்லில் மேலே தெளிக்கிறதுதான், அதுவும் ஈரத்தில் கரைஞ்சு போயிடும். அழுக்கு போகணும்னு கழுவிப் போட்டால் மிச்சமும் சாக்கடைக்கு. மூட்டையில் வரும் உதிரி உப்பில் பல நேரம் அந்தத் தெளிப்பே கிடையாது. "கடல் உப்புல இயற்கையாவே அயோடின் இருக்குமே"ன்னு கேட்பீங்க. காய்ந்து உப்பாகும்போது அதில் கணக்கில் வராத அளவுதான் மிஞ்சும். இப்போ ஃபிட்னஸ் வட்டாரத்தில் ஓடும் பிங்க் சால்ட், இந்துப்பு கதையும் இதேதான். விலை பத்து மடங்கு, அயோடின் சேர்க்கலைன்னா பலன் பூஜ்யம்.

இதில் பணம் வீணாகிறதைவிட எனக்குக் கவலை வேற. கர்ப்பமான முதல் மாசங்களில் குழந்தையின் மூளை வளர்றது அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். கர்ப்பிணிக்குத் தேவை 250 மைக்ரோகிராம். அது குறைஞ்சா கழுத்து வீங்கணும்னு அவசியமில்லை, வெளியே எதுவும் தெரியாது. குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது "கொஞ்சம் மந்தம்"னு யாராவது சொல்வாங்க. அதையும் உப்பையும் யாரும் முடிச்சுப் போட மாட்டாங்க. என் தங்கச்சிக்கு, அதாவது சித்தி பொண்ணுக்கு, அப்போ நாலாவது மாசம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தா.

கல் உப்புதான் வேணும்னா, அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட பாக்கெட்டில் கல் உப்பும் கிடைக்குது. மூடி போட்ட ஜாடியில், அடுப்புப் பக்கம் வைக்காமல், ஈரக்கை படாமல் எடுத்து, கழுவாமல், சமையல் முடியுற நேரத்தில் போட்டால் போதும். அளவைக் கூட்டச் சொல்லலை. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்கு உள்ளேதான் இருக்கணும்.

மறுநாள் காலையில் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. உப்பு பாக்கெட்டின் பின்பக்கம், சித்தியோட கட்டை விரல் பாதி எழுத்தை மறைச்சபடி. கீழே வாய்ஸ் மெசேஜ்: "பாப்பா, இதுல அயோடின்னு போட்டிருக்கு, சரிதானா பாரு. வண்டி உப்பு இன்னும் அரை படி கிடக்குது, அதை வடகத்துக்குப் போட்டுடலாமா?"

விரலை எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்பச் சொன்னேன்.